ஐந்தாவது கொண்டைவலை

ரேமண்ட் டாட்டர்சாலுக்குப் பாட வராது. ஆட வராது. நாலு பேர் சிரிக்கும்படி ஒரு வார்த்தை பேசவும் வராது. எங்கள் 'வாட்டர்மேன்' பாரில் உதவாக்கரைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அவர்களிலும் இவன் தனி ரகம். அப்படிப்பட்டவன் கிட்டத்தட்ட ஒரு வருடம் இங்கிலாந்து முழுக்கத் தெரிந்த முகமாக இருந்தான். இந்த நாட்டு ஜனங்களின் ரசனையைப் பற்றி இதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

வாட்டர்மேன் மான்செஸ்டரில் கால்வாய்க் கரையோரம் இருந்தது. ஆண்களை விரும்பும் ஆண்கள் கூடுகிற இடம். வாரக்கடைசியில் நான் அங்கே நீல ஜரிகைக் கவுனும் பொய்முடியும் போட்டுக்கொண்டு மேடையில் நின்று, காசு கொடுத்து வந்தவர்களை வைது பிழைத்தேன். பகலில் செருப்புக் கடையில் கிழவிகளின் கால்களுக்கு அளவெடுப்பது வேலை. பிறப்புச் சான்றிதழில் என் பெயர் பிரையன். பாரில் பெரில் என்றால்தான் தெரியும். அங்கே நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் 'டி' போட்டுத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். போலீஸ் வந்து கதவைத் தட்டுகிற நாட்களிலும் அப்படித்தான்.

ரேமண்ட் எழுபத்தொன்பதில் வர ஆரம்பித்தான். முப்பது வயது, கொழுகொழுவென்று ஈரமான முகம். பக்கத்து ஆலை ஊரான கிராட்டனில் நகராட்சி நீச்சல் குளத்தில் வேலை. உடை வைக்கும் பெட்டிகளுக்குச் சாவி கொடுப்பது, தரை துடைப்பது, தண்ணீரின் சூட்டைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுவது. அவனிடம் எப்போதும் குளோரின் வாடை அடிக்கும். அரைக் கோப்பை பீர் வாங்கிக்கொண்டு சுவரோரச் சூடேற்றிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், மூடுகிறவரை அதே அரைக் கோப்பைதான்.

கூடவே சிட்னி வருவான். சிட்னி பஸ் ஓட்டுபவன். நெட்டையாக, ஒல்லியாக, எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் இருப்பான். இருவரும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒரு பொட்டலம் வறுவலை நடுவில் பிரித்து வைத்துக்கொண்டு ஆளுக்கொன்றாக எடுத்துத் தின்பார்கள். நான் மேடையிலிருந்து, "அதோ பாருங்கடி, சாவு வீட்டுக்குப் போற வழி தவறி இங்க வந்த ரெண்டு பேர்," என்பேன். பார் முழுக்கச் சிரிக்கும். ரேமண்டும் சிரிப்பான். யாரைச் சொல்கிறேன் என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரிப்பான்.

ஹேர்நெட்ஸ், அதாவது கொண்டைவலைகள், என்கிற பாட்டுக் குழு பிறந்தது எண்பத்து இரண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டெரன்ஸ் மல்ஹெர்ன் என்று ஒருத்தன், சுவரில் ஒட்டும் காகிதம் விற்கிற கடையில் வேலை பார்த்தவன். பார்க்க லட்சணமாக இருப்பான். அது அவனுக்கும் தெரியும், தெரியும் என்பது நமக்கும் தெரியும். அவனுடைய அத்தைமார்கள் ஆலைப் பெண்கள். தலையில் கொண்டைவலை, மேலே பூப்போட்ட அங்கி, வாயில் சிகரெட். டெரன்ஸ் மூன்று நண்பர்களுக்கு அதே வேஷத்தைப் போட்டு, அங்கியில் ஜிகினா தைத்து, முகத்துக்குச் சாயம் பூசி, 'கொடியில போடு' என்று ஒரு பாட்டுக் கட்டினான். துணி காயப்போடுகிற பாட்டு. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கால்சட்டையைக் கொடியில் மாட்டி, இது யாருடையது என்று கேட்பார்கள். முதலில் பாதிரியாருடையது. அடுத்து நகராட்சித் தலைவருடையது. கடைசியில் போலீஸ் இன்ஸ்பெக்டருடையது. அவை எப்படி இவர்கள் வீட்டுச் சலவைக்கு வந்தன என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. வாட்டர்மேனில் அன்று சிரித்தவர்களில் மூன்று பேர் அந்த இன்ஸ்பெக்டரின் கையால் அடி வாங்கியவர்கள். அந்தப் பாட்டு நல்ல பாட்டு. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

கொடி கட்ட இரண்டு தூண் வேண்டும். வாட்டர்மேன் மேடையில் இருந்தது ஒன்று. டெரன்ஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சூடேற்றிப் பக்கம் கையை நீட்டினான்.

"ஏ டவல், எந்திரிச்சு வாடி. இந்த முனையப் புடிச்சுட்டு நில்லு."

குளத்துத் துண்டு வாடை அடிப்பதால் அவனுக்கு டவல் என்று பெயர்.

"நான் என்ன பண்ணணும்?" என்றான் ரேமண்ட்.

"ஒண்ணும் பண்ணக் கூடாது. அதான் உனக்கு நல்லா வருமே."

அப்படித்தான் அவன் ஐந்தாவது ஹேர்நெட் ஆனான். அங்கியும் வலையும் மாட்டி, கொடியின் முனையைப் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றான். மற்ற நான்கு பேரும் துள்ள, இவன் மட்டும் பஸ்ஸுக்கு நிற்பவன் போல நின்றான். அதற்குத்தான் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டெரன்ஸுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கெட்டிக்காரன், கைதட்டல் எங்கிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்வான்.

எண்பத்து நாலில் லண்டனிலிருந்து ஹ்யூகோ பிரைஸ் வந்தான். பாட்டுத்தட்டு வியாபாரி. வெள்ளைக் கோட்டு, பழுப்புக் கண்ணாடி, பேச்சுக்குப் பேச்சு 'செல்லங்களா'. அன்று நான் என் மிகச் சிறந்த வசவுகளை எடுத்து விட்டேன். என்னையும் சேர்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். சேர்த்துக்கொள்ளும்படி கேட்கவும் செய்தேன், அதையும் மறைப்பானேன். அவன் என் முகத்தை ஆர அமரப் பார்த்துவிட்டு டெரன்ஸிடம் சொன்னான்: "இவங்க வேண்டாம்ப்பா. இவங்களப் பாத்தா நெஜம்னு தெரிஞ்சுடும்."

பிரைஸுக்கு வேண்டியது நிஜமில்லாதது. பாதிரியாரின் கால்சட்டை பேக்கரிக்காரருடையது ஆயிற்று. நகராட்சித் தலைவர் பால்காரர் ஆனார். இன்ஸ்பெக்டர் இருந்த இடத்தில் ஒரு தபால்காரன் வந்து நின்றான். காரத்தை எல்லாம் வழித்துப் போட்டுவிட்டு, வெறும் சக்கையைத் தட்டில் வைத்தார்கள். நாடே நாக்கைச் சப்புக்கொட்டித் தின்றது. விற்பனைப் பட்டியலில் நாலாவது இடம். எண்பத்தைந்து வசந்தத்தில் அந்தப் பாட்டு இல்லாமல் ஒரு கல்யாணம் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு அதை உடற்பயிற்சியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கையை உயர்த்தித் துணி மாட்டினார்கள். எங்களைத் தெருவில் கண்டால் எதிர்ப் பக்கம் போய்விடுகிற பெண்கள், எங்கள் முதுகில் துப்புகிற அவர்களுடைய புருஷன்மார்கள், எல்லோரும் தலையில் வலையை மாட்டிக்கொண்டு ஆடினார்கள். என்ன பார்க்கிறோம் என்றே தெரியாமல் பார்க்கிற கண் கடவுள் இந்த நாட்டுக்குக் கொடுத்த வரம். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்பார்கள். இந்தக் கழுதைகள் கற்பூரத்தைக் கற்கண்டு என்று மென்றன.

குழுவில் மற்ற நான்கு பேரும் வேலையை விட்டார்கள். ரேமண்ட் விடவில்லை. தொலைக்காட்சிக்குப் போக வேண்டுமென்றால் குளத்து மேலாளர் ஹிண்டிலிடம் விடுப்புச் சீட்டு எழுதிக்கொடுப்பான். திங்கள்கிழமை காலை ஆறு மணிக்குத் திரும்ப வந்து தரை துடைப்பான். டெரன்ஸால் அதைத் தாங்க முடியவில்லை.

"ஏண்டி மானத்த வாங்குற? போன வாரம் ஆயிரம் பேர் உனக்குக் கை தட்டுனாங்க. இந்த வாரம் அவங்க காலழுக்கக் கழுவிக்கிட்டு இருக்க."

"தண்ணி சூடு பாக்கறதுக்கு வேற ஆள் இல்லையே," என்றான் ரேமண்ட்.

வண்டியில் ஊர் ஊராகப் போகும்போது மற்றவர்கள் ஷாம்பெயின் குடிப்பார்கள். இவன் மடியில் டப்பாவைத் திறந்து வைத்து, சிட்னி கட்டிக்கொடுத்த இறைச்சி விழுது தடவிய ரொட்டியைத் தின்பான். மேடையில் அவன் ஒலிவாங்கி எப்போதும் அணைக்கப்பட்டே இருந்தது. அது அவனுக்குக் கடைசிவரை தெரியாது என்று டெரன்ஸ் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். தெரியும் என்று பிற்பாடு ரேமண்டே என்னிடம் சொன்னான். தெரிந்தும் வாய் விட்டுப் பாடினானாம். கேட்டால், "பாட்டு நல்லாத்தானே இருந்துச்சு" என்கிறான்.

அந்தக் கோடையில் பிரைஸ் எல்லோருக்கும் ஒரு பெண்ணை ஒதுக்கினான். பத்திரிகைகள் மோப்பம் பிடிக்க ஆரம்பித்திருந்தன. டெரன்ஸுக்கு டயான் என்று துணி விளம்பரத்தில் நிற்கிற ஒரு பெண்ணை ஏற்பாடு செய்து, கையைக் கோத்துப் படம் எடுத்தார்கள். இன்னொருவனுக்கு நர்ஸ். மற்ற இருவரும் அம்மாவை விட்டுப் பிரியாத பிள்ளைகள். ரேமண்டுக்கு சூசன், வங்கியில் வேலை. சூசன் என்று ஒருத்தி கிடையாது. அவளுக்குப் பிடித்த நிறம் முதற்கொண்டு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அவன் வண்டியில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தான்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி. நேரடி ஒளிபரப்பு. குழந்தைகள் போன் செய்து கேள்வி கேட்கலாம். செருப்புக் கடைக்குப் பக்கத்தில் தொலைக்காட்சி வாடகைக்கு விடும் கடை இருந்தது. நான் அங்கே போய் நின்றுகொண்டு பார்த்தேன். ஐந்து பேரும் வலையும் ஜிகினாவுமாகச் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். ரேமண்ட் ஓரத்தில்.

லீட்ஸிலிருந்து ஒரு சிறுமி பேசினாள். ஒன்பது வயது இருக்கும். ஒழுங்கான கேள்வி கேட்டாள்.

"உங்க வீட்ல எல்லாம் யாரு துணி தொவைக்கறது?"

டெரன்ஸ் பல்லைக் காட்டினான். "என் டயான்தான், செல்லம். எனக்கு ஒரு சாக்ஸ்கூடத் தொவைக்கத் தெரியாது." அடுத்தவன் நர்ஸ் என்றான். அடுத்தடுத்த இருவரும் அம்மா என்றார்கள். ஒலிவாங்கி ரேமண்டிடம் வந்தது. இது மட்டும் அணைக்கப்படவில்லை.

"நானும் சிட்னியும்தான்," என்றான். "வெள்ளத் துணி நான் பாத்துக்குவேன். இஸ்திரி சிட்னி. காலர்ல சுருக்கம் இருந்தா அவருக்கு ஆகாது."

நிகழ்ச்சி நடத்துகிற பையன் சிரித்துக்கொண்டே கேட்டான். "சிட்னி உங்க அண்ணனா?"

"இல்லீங்க."

"ஓ, வாடகைக்கு இருக்கறவரா?"

ரேமண்ட் கொஞ்சம் யோசித்தான். சூசனைத் தேடுகிறான் என்று நினைத்தேன். "இல்லீங்க. சிட்னி என்னோட ஆளு. பதினோரு வருஷமா ஒண்ணா இருக்கோம்."

சோபாவில் ஒருவரும் அசையவில்லை. டெரன்ஸின் பல் மட்டும் வெளியே நின்றது, முகம் உள்ளே போய்விட்டது. போனில் அந்தச் சிறுமி, "எங்க தாத்தாவும் இஸ்திரி போடுவாரு" என்றாள். உடனே ஒரு கார்ட்டூனைப் போட்டுவிட்டார்கள்.

கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விலைச்சீட்டைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கே டெரன்ஸ் அவனை ஒப்பனை அறையில் கன்னத்தில் அறைந்தான். பிரைஸ் அவன் தலையிலிருந்த வலையைத் தானே கழற்றி எடுத்தானாம். மான்செஸ்டர் ரயிலுக்குச் சீட்டு வாங்கிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வந்த ஒரு தடியன் கொடியைப் பிடித்தபடி நின்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. பத்திரிகைகளில் முதல் பக்கத்தில் ரேமண்ட், மூன்றாம் பக்கத்தில் டெரன்ஸும் டயானும் கட்டிப்பிடித்தபடி. 'எங்களையெல்லாம் ஏமாற்றிவிட்டான்' என்று டெரன்ஸ் கண்ணீர் விட்டிருந்தான். பள்ளிக்கூடங்கள் அந்த உடற்பயிற்சியை நிறுத்தின. முதியோர் இல்லங்கள் நிறுத்தவில்லை. அங்கே யாரும் பத்திரிகை படிப்பதில்லை போலும்.

இதை வீரம் என்று இப்போது சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். வீரனுக்கு எதிரில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் அவனிடம் நேரிலேயே கேட்டேன். "ஏண்டி, ஒரு பொய் சொல்லத் துப்பில்லையா உனக்கு? பச்சப் புள்ளகூடச் சொல்லுமே."

"சொல்லத்தான் இருந்தேன், அக்கா," என்றான். "சிட்னி அன்னிக்கி ஷிப்ட் மாத்திக்கிட்டு வீட்ல உக்காந்து பாத்துட்டு இருந்தாரு. கேமராவப் பாத்ததும் அது ஞாபகம் வந்துடுச்சு. அவரு பாத்துட்டு இருக்கறப்போ சூசன்னு எப்படிச் சொல்றது?"

இந்தப் பேச்சு நடந்தது வாட்டர்மேன் வாசலில், அந்த நிகழ்ச்சிக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உள்ளே இல்லை, வாசலில். ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வழக்கம்போல இருவரும் கிராட்டன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். எதிர்க்கரையில் இரண்டு பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு நின்றார்கள். உள்ளே நாற்பது பேர். அதில் வாத்தியார்கள் மூன்று பேர், கல்யாணமானவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர் ஒருவர். ரேமண்ட் வருகிறான் என்றதும் பாதிப்பேர் கழிப்பறைக்குள் ஓடினார்கள். இரண்டு பேர் பின்பக்கச் சுவரேறிக் குதித்தார்கள். ஒருவனுக்குக் கால்சட்டை கிழிந்தது. மிச்சம் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். மேடையில் எல்லோரையும் வைகிற வாய் என்னுடையதுதானே.

நான் வெளியே போனேன். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"கொஞ்ச நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் இங்க வர வேண்டாம்," என்றேன்.

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டான் ரேமண்ட். கடை எப்போது திறக்கும் என்று கேட்பதுபோல்.

"நானே சொல்லி அனுப்பறேன்."

சிட்னி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. மழை தூற ஆரம்பித்திருந்தது. இருவரும் கால்வாய்ப் பாலத்தில் போய் நின்றார்கள். நான் உள்ளே வந்து, "போயிடுச்சுங்கடி ரெண்டு பொணமும்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். நான் சொல்லி அனுப்பவில்லை. டெரன்ஸை இகழ எனக்கு வாய் இருக்கிறது, அருகதை இருக்கிறதா என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

கிராட்டனில் நடந்தவற்றைப் பின்னால் கேள்விப்பட்டேன். திங்கள்கிழமை ரேமண்ட் எப்போதும்போல ஆறு மணிக்கு வேலைக்குப் போயிருக்கிறான். ஆண்கள் உடைமாற்றும் பகுதியில்தான் அவனுக்கு வேலை. புதன்கிழமைக்குள் எழுபது பெற்றோர் கையெழுத்துப் போட்ட மனு வந்துவிட்டது. ஹிண்டில் அவனைக் கூப்பிட்டார்.

"உக்காரு, ரேமண்ட். நான் தனிப்பட்ட முறையில எதுவும் சொல்லல."

"சரிங்க, சார்."

"ஆனா ஜனங்கள் பயப்படறாங்க."

"எதுக்கு, சார்?"

ஹிண்டிலுக்கு அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கிறது. அதனால் அவனைக் கீழே கொதிகலன் அறைக்கு அனுப்பினார். வெளிச்சம் கிடையாது, ஆள் முகம் பார்க்க முடியாது. இவன் அங்கே ஒரு நாற்காலியும் தேநீர்க் கெண்டியும் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, கதகதப்பாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டான். தண்டனையைத் தண்டனை என்றுகூடப் புரிந்துகொள்ளாதவனை என்ன செய்வது?

பஸ் டிப்போவில் சிட்னிக்கு வேறு மாதிரி. தினமும் காலையில் அவன் ஸ்டியரிங்கில் யாரோ ஒரு கொண்டைவலையை மாட்டி வைத்தார்கள். சிட்னி அதைக் கழற்றி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுப்பான். இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் சாப்பாட்டு அறையில் ஒருத்தன் தாங்க முடியாமல் கேட்டுவிட்டான்.

"அதையெல்லாம் கொண்டுபோய் என்னய்யா பண்ற?"

"வெங்காயம் போட்டு வைக்கறோம்," என்றான் சிட்னி. "காத்தோட்டமா இருக்கு. அழுகறதில்ல."

அதற்குப் பிறகு மாட்டுவது நின்றுபோயிற்று. அன்று சிட்னி நகைச்சுவையாகச் சொன்னானா, இல்லை உள்ளதைச் சொன்னானா என்று எனக்கு நீண்ட நாள் சந்தேகம். அவர்கள் வீட்டுச் சமையலறைக்கு நான் பிறகு போயிருக்கிறேன். உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறான்.

குளத்தில் ரேமண்டின் இடத்துக்கு வந்த ஆள் சோம்பேறி. கொதிகலனை விட்டு எழ வேண்டாம் என்று ரேமண்டுக்கு உத்தரவு. மேலே தரையைச் சரியாகத் துடைக்க ஆளில்லை. நவம்பரில் திருமதி பர்ட்வெல் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அறுபத்தெட்டு வயது, காலை ஏழு மணிப் பெண்கள் நேரத்தில் முப்பது வருடமாக நீந்துகிறவள், ஊரிலேயே கொடிய நாக்கு. நல்ல மனசுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். எழுபது கையெழுத்தில் அவளுடையதும் ஒன்று. மாவுக்கட்டோடு ஹிண்டிலின் அறைக்குள் நுழைந்தாளாம்.

"அந்தக் குண்டுப் பையன் எங்க?"

"அவரக் கீழ மாத்திட்டோம், மேடம். நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தீங்களே."

"ஆண்கள் பக்கம் வேண்டாம்னுதானே போட்டேன்? எங்க பக்கம் வந்து துடைக்கட்டும். அவனால எங்களுக்கு என்ன ஆபத்து? உலகத்துலயே எங்களுக்கு ஆபத்தில்லாத ஒரே ஆம்பள அவன்தான். எனக்குக் கால் வழுக்கக் கூடாது, அவ்வளவுதான்."

ஹிண்டில் நகராட்சிக்கு எழுதினார். நகராட்சி கூடிப் பேசியது. கடைசியில் கிராட்டன் நகராட்சியின் அறிவு கண்டுபிடித்த முடிவு இது: ஆண்களிடமிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ரேமண்ட் டாட்டர்சால் பெண்கள் நேரத்துக்கு முழுப் பொறுப்பாளர். கூடவே சம்பளத்தில் ஒரு படி உயர்வு. ஒருவனை ஊர் பார்த்துப் பயப்படுகிறது என்பதற்காகப் பதவி உயர்வு கொடுத்த இடம் உலகத்தில் வேறெங்காவது உண்டா தெரியாது. குளத்தை இடிக்கிறவரை, பத்தொன்பது வருடம், அவன் அங்கே கிழவிகளுக்குச் சாவி கொடுத்தான், கைப்பிடித்துப் படியிறக்கினான், தண்ணீரின் சூட்டைக் கரும்பலகையில் எழுதினான். திருமதி பர்ட்வெல் ஒரு நாளும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக் கொடுப்பாள். அது கல் மாதிரி இருக்கும் என்று சிட்னி சொல்வான்.

ஹேர்நெட்ஸ் அடுத்த வருடமே ஓய்ந்துபோனது. தடியனை வைத்து இரண்டு தட்டு வெளியிட்டார்கள். பிரைஸ் கைகழுவினான். டயான் ஒரு கால்பந்து வீரனோடு போய்விட்டாள். டெரன்ஸ் கடற்கரை விடுதிகளில், மத்தியானச் சாப்பாட்டுக்கும் சீட்டுக் குலுக்கலுக்கும் நடுவே, வலையை மாட்டிக்கொண்டு துணி காயப்போட்டான்.

பிறகு காலம் மாறியது. எங்கள் கால்வாய்க் கரைக்கு விளக்கெல்லாம் போட்டு, வங்கிகளே வந்து வானவில் கொடி கட்டின. நம்மவர்களாக இருப்பது லாபம் என்றானதும், தொண்ணூற்றெட்டில் டெரன்ஸ் ஒரு பத்திரிகையில் உண்மையை ஒப்புக்கொண்டான். முழுப் பக்கம், கறுப்பு வெள்ளைப் படம், தொலைவில் எதையோ பார்க்கிற பார்வை. இரண்டாயிரத்து மூன்றில், எங்களவர்கள் வருடா வருடம் நடத்தும் ஆகஸ்ட் ஊர்வலத்தில், அவனுக்குத் துணிச்சலுக்கான விருது கொடுத்தார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "அந்தக் காலத்தில், குழந்தைகள் நிகழ்ச்சியில், நாங்க ஐந்து பேரும் ஒண்ணா நின்னு உண்மையச் சொன்னோம்," என்றான். ஐயாயிரம் பேர் கை தட்டினார்கள். வாடகைக்கு எடுத்த ஒரு குண்டனைக் காட்டி, "இதோ நம்ம ரேமண்ட்" என்றான். அந்தக் குண்டனும் கை அசைத்தான். ரேமண்டையும் அழைத்திருந்தார்களாம். அந்த வாரம் கடற்கரையில் அறை பதிவு செய்தாயிற்று, முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று எழுதிவிட்டானாம். நான் எழுந்து நின்று கத்தியிருக்கலாம். இடுப்பு வலி, கூட்டம், வெயில் என்று காரணங்கள் இருந்தன.

இரண்டாயிரத்து ஆறில், ஆணும் ஆணும் துணைவர்களாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்த பிறகு, கிராட்டன் நகர மண்டபத்தில் அவனும் சிட்னியும் பதிவு செய்துகொண்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. எனக்கும் அழைப்பு வந்திருந்தது. இருபத்தொரு வருடம் கழித்து என் விலாசத்தை எப்படிப் பிடித்தான் என்று தெரியவில்லை. நான் ஒரு பேச்சுத் தயார் செய்துகொண்டு போனேன். மன்னிப்புக் கேட்பதென்றால் எனக்குப் பழக்கம் இல்லை. அதனால் பஸ்ஸில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பதிவாளர் முன்னால் இருவரும் நின்றார்கள். வயதாகியிருந்தது. சிட்னியின் காலரில் ஒரு சுருக்கம் கிடையாது. கையெழுத்துப் போட்டு முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கைகுலுக்கிக்கொண்டார்கள். குளத்துக் கிழவிகள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்து அழுதார்கள்.

வீட்டில் விருந்து. நான் ரேமண்டைச் சமையலறைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டேன்.

"ரேமண்ட், அந்த ஞாயித்துக்கிழம. வாசல்ல வச்சு நான் உங்கள வர வேண்டாம்னு சொன்னது."

"ஆமா, அக்கா."

"அது தப்பு. நான் பயந்துட்டேன். சொல்லி அனுப்பறேன்னு சொல்லிட்டு அனுப்பவும் இல்ல."

 அவன் பதிலுக்காகத்தான் நான் இருபத்தொரு வருடம் காத்திருந்தேன். அழுவான், திட்டுவான், இல்லை, பரவாயில்லை என்பான். எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று வந்திருந்தேன்.

"அன்னிக்கி பாலத்துல நின்னோமா," என்றான். "அப்பறம் பக்ஸ்டன் போற பஸ் வந்துச்சு. சிட்னி அந்த ரூட்ல ஓட்டுனதே இல்ல, போய்ப் பாப்போம்னாரு. ஏறிட்டோம். நல்ல எடம், அக்கா. பூங்கா இருக்கு. ஞாயித்துக்கிழமன்னா அங்கதான் போறது."

"என்னைப் பத்தி ஒண்ணும் நெனைக்கலையா நீங்க?"

"நீங்க சொல்லி அனுப்பறேன்னீங்களே," என்றான். "முதல்ல ஒரு வருஷம் பாத்தோம்."

சிட்னி வந்து தேநீர் ஆறுகிறது என்றான். ரேமண்ட் போய்விட்டான்.

அந்த ஒரு வருஷம் என்பதை அவன் குத்திக்காட்டிச் சொன்னானா, இல்லை கணக்குக்குச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். மூளை அவ்வளவுதான். ஒருவன் தன்னை வெறுப்பதற்குக்கூட எனக்கு இடம் கொடுக்கவில்லை என்றால் அவனோடு நான் என்ன பேசுவது? கூடத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு கிழவி என் தட்டில் இறைச்சி வைத்த ரொட்டித் துண்டுகளை வைத்து, நீங்கள் மாப்பிள்ளைக்குச் சொந்தமா என்று கேட்டாள். எந்த மாப்பிள்ளைக்கு என்றேன். அவள் அடுத்த தட்டுக்கு நகர்ந்துவிட்டாள். இறைச்சி காய்ந்துபோயிருந்தது. நான்கு துண்டு தின்றேன், நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தேன்.